விடைத்த காது: எந்த வயதில் எந்த வழி?

காது விடைத்து நிற்கிறதே என்று நம் குமரி மாவட்டத்தில் ஒரு குடும்பம் பதறுவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். பையன் பள்ளிக்கூடத்தில் ஒரு வட்டப்பெயரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது ஒன்று. கல்யாணப் பேச்சு தொடங்கி, போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குக் கிளம்பும்போது இன்னொன்று. மருத்துவக் கணக்கில் இரண்டுமே அவசரமில்லாத சமயங்கள். அறுவை சிகிச்சையை ஆறு மாதம் தள்ளினாலும் சரி, ஆறு வருடம் தள்ளினாலும் சரி, பெரிய நஷ்டம் ஒன்றும் வராது. நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் ஒன்றே ஒன்றுதான்: குழந்தை பிறந்த முதல் மூன்று வாரம். அப்போதுதான் வீடே கூடி நின்று, "சின்னப் பிள்ளைக்குக் காது அப்படித்தான் இருக்கும், வளந்தா செரியாயிரும்" என்று சொல்லி விட்டுவிடுகிறது.

ஆகவே எந்த வழி நல்லது என்ற ஒப்பீட்டை வயதை வைத்துத்தான் செய்ய முடியும். அதற்கு முன்னால், விடைத்த காது என்பது என்ன என்று ஒரு வரியாவது பார்த்துவிடலாம். சாதாரணமாகக் காதின் வெளி விளிம்பு மண்டையிலிருந்து 15 முதல் 20 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். அதைவிட அதிகமாகத் தள்ளி நின்றால் கண்ணில் படும். காரணம் இரண்டு. காதின் மேல்பாதியில் வெளி விளிம்புக்கு உள்பக்கமாக ஒரு மடிப்பு ஓட வேண்டும். அது விழாமலே போயிருக்கலாம். அல்லது காதுத் துளையைச் சுற்றியிருக்கும் கிண்ணம் ஆழமாக இருந்து, மொத்தக் காதையும் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கலாம். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். விரலால் மேல் விளிம்பை மெதுவாகப் பின்னால் அழுத்திப் பாருங்கள். மடிப்பு விழுந்து காது ஒழுங்காகப் படிந்தால் சிக்கல் மடிப்பில். அப்படி அழுத்தியும் நடுப்பகுதி துருத்திக்கொண்டே இருந்தால் கிண்ணத்தில். கேட்கும் திறனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விடைத்த காது நன்றாகவே கேட்கும், சரிசெய்த பிறகும் அப்படியேதான் கேட்கும்.

மேல் நுனி கீழே மடிந்து தொங்குவது, நுனி கூம்பி நிற்பது, மேல்பகுதி தோலுக்குள் புதைந்திருப்பது என்று வேறு கோளாறுகளும் உண்டு. இவற்றுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் காது உருவாகாமலே சிறு கட்டியாக நின்றுவிட்டால் அது தனி விஷயம். அங்கே காதுத் துளையே இல்லாமல் இருக்கலாம். அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேட்கும் திறனைச் சோதித்தாக வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். விலா எலும்பின் குருத்தெலும்பை எடுத்துக் காது செய்வதெல்லாம் பெரும்பாலும் எட்டு, பத்து வயதுக்கு மேல்தான்; கேட்கும் சோதனை மட்டும் பிறந்த சில வாரத்திலேயே நடக்க வேண்டும்.

இப்போது கைக்குழந்தைக்கு வருவோம். பிறந்த குழந்தையின் காதுக் குருத்தெலும்பு அவ்வளவு மென்மையாக இருப்பதற்குக் காரணம், தாயின் உடலிலிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் குழந்தையின் ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருப்பது. அது நாளுக்கு நாள் குறையும், குருத்தெலும்பும் விறைக்கும். மென்மையாக இருக்கும்போதே ஒரு அச்சில் பிடித்து வைத்தால், விறைக்கும்போது அந்த வடிவத்திலேயே விறைத்துவிடும். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, தழும்பு இல்லை. இதற்கென்றே செய்த பிளாஸ்டிக் அச்சுக் கருவிகள் இருக்கின்றன. அது கிடைக்காத இடத்தில், மென்குழாய்க்குள் மெல்லிய கம்பியைச் செருகி வளைத்து, காதின் பள்ளத்தில் பதித்து, பிளாஸ்திரியால் ஒட்டிவிடும் மருத்துவர்களும் உண்டு. இரண்டு முதல் ஆறு வாரம் வரை அப்படியே இருக்கும். இடையிடையே தோல் புண்ணாகிறதா என்று பார்த்து மாற்றி ஒட்டுவார்கள்.

முதல் மூன்று வாரத்துக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். ஆறு வாரத்துக்குப் பிறகு பலன் சட்டென்று குறைந்துவிடும். இங்கேதான் நம் வழக்கம் குறுக்கே வருகிறது. நாற்பது நாள் கழியாமல் தாயையும் பிள்ளையையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று இருக்கும் வீடுகள் இன்னும் நிறைய. பிறந்தவுடன் போடும் ஊசிகளுக்குப் பிறகு அடுத்த தடுப்பூசி ஆறாவது வாரம். அன்றைக்கு டாக்டரிடம் "அப்புறம், இந்தக் காது..." என்று இழுத்தால், அவர் சொல்ல வேண்டிய பதில் பெரும்பாலும் "முன்னாலேயே வந்திருக்கலாம்" என்பதாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே காதைக் காட்டிவிடுவது நல்லது. சில மடிப்புகள் முதல் வாரத்திலேயே தானாக நிமிர்ந்துவிடும் என்பதும் உண்மைதான். அதனால் ஒரு வாரம் பார்க்கலாம். ஒரு மாதம் பார்க்கக் கூடாது. விடைத்த காது தானாகப் படிவது அபூர்வம்; படுத்துப் புரளும்போது மடங்கி, இன்னும் விடைக்கிற காதுகளும் உண்டு.

எண்ணெய் போட்டு அழுத்தி விடுவது, துணியால் தலையைச் சுற்றிக் கட்டுவது எல்லாம் நம் பாட்டிமார் கைவசம் வைத்திருக்கும் வழிகள். கை பக்குவம் ஒரு நாளில் பத்து நிமிடம். காதுக்குத் தேவைப்படுவது 24 மணி நேரப் பிடிப்பு. வீட்டிலேயே ஏதோ ஒரு பிளாஸ்திரியை ஒட்டினால் பிஞ்சுத் தோல் உரிந்துவிடும். குழந்தை மருத்துவரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ முதலில் போனில் கேட்டுவிட்டுப் போவது உத்தமம். இந்த அச்சு வைத்தியம் எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதில்லை.

அந்தக் காலம் தாண்டிவிட்டதா? சரி, இனி பதற ஒன்றுமில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் காதில் பிளாஸ்திரி ஒட்டியோ, இரவில் இறுக்கமாகப் பட்டை கட்டியோ ஒன்றும் ஆகாது. இணையத்தில் விற்கும் ஒட்டும் வில்லைகள் ஒட்டியிருக்கும் நேரம்வரைதான் காதைப் பிடித்து வைக்கும். நம் ஊர் வியர்வைக்கு அதுவும் சந்தேகம். மிச்சம் இரண்டு வழிகள்தான்: அப்படியே விடுவது, அறுவை சிகிச்சை செய்வது.

பாடப்புத்தகம் ஐந்து, ஆறு வயதைச் சொல்லும். அதற்குள் காது முக்கால் பங்குக்கு மேல் வளர்ந்துவிடும், குருத்தெலும்பும் இன்னும் இளசாக இருக்கும், வகுப்பில் கேலி தொடங்கும் முன்னே முடித்துவிடலாம் என்பது கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனாலும் என் ஓட்டு வேறு: பிள்ளை தானாக வாய் திறந்து கேட்கும்வரை பொறுக்கலாம். அறுவைக்குப் பிறகு தலையைச் சுற்றிக் கட்டு, அப்புறம் நாலு முதல் ஆறு வாரம் இரவில் தலைப்பட்டை. தனக்காகத்தான் இது என்று புரியாத ஐந்து வயதுக்காரன் முதல் ராத்திரியே அதைப் பிய்த்துப் போடுவான். தானே கேட்டு வந்த ஒன்பது வயதுக்காரி சொன்னபடி கேட்பாள். அதோடு, எந்தக் கவலையும் இல்லாமல் ஓடியாடும் பிள்ளையிடம், உன் காதில் ஒரு குறை இருக்கிறது என்று முதலில் சொல்லிக்கொடுப்பது வீடாக இருக்க வேண்டியதில்லை.

விடைத்த காதுக்கு நடந்த முதல் அறுவையாக மருத்துவ வரலாறு பதிவு செய்திருப்பது 1881-இல் நியூயார்க்கில் எட்வர்ட் எலி செய்ததை. நோயாளி 12 வயதுப் பையன். கூட்டாளிகளின் கேலிதான் அவனை அங்கே கொண்டுபோனது. ஆக இந்தச் சிகிச்சையின் பிறப்பே பள்ளிக்கூடக் கேலியில்தான். நம் ஊரிலும் பையன்களுக்கு ஒட்ட வெட்டிய முடி, பெண்பிள்ளைகளுக்கு இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. இரண்டுமே காதை மேடையேற்றிவிடும். பிள்ளை பள்ளிக்கே போக மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் நிலை வந்துவிட்டால் நான் சொன்ன பொறுமையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். முதலில் வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்ப்பதற்குச் செலவு இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பெரியவர்களுக்கு வயது வரம்பு கிடையாது. இருபதிலும் செய்யலாம், ஐம்பதிலும் செய்யலாம். பதின்வயதைத் தாண்டியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டே முடித்துவிடலாம் என்பது ஒரு வசதி. சின்னப் பிள்ளைகளுக்கு முழு மயக்கம் தேவை. பெரியவர்களுக்குக் குருத்தெலும்பு விறைத்திருப்பதால் வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கல்யாணத்துக்காகச் செய்வதாக இருந்தால், தேதி குறிக்கும் முன்னால் செய்யுங்கள், அல்லது கல்யாணம் முடிந்த பிறகு. வீக்கமும் கன்றிய நிறமும் வடிய வாரக்கணக்கில் ஆகும்; காது கடைசி வடிவத்துக்கு வர மாதங்கள் ஆகும். அப்படியே விட்டுவிடுவதும் ஒரு முழுமையான தேர்வுதான். என் காதும் விடைத்ததுதான். ஹெல்மெட்டைக் கழற்றும்போது மட்டும் அது தன் இருப்பைச் சொல்லும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் பக்கத்துக் குடும்பங்களில் "எங்க ஆச்சிக்குக் காதைத் தைச்சு விட்டாங்களே, அரை மணி நேரத்துல முடிஞ்சு போச்சு" என்று சொல்ல யாராவது இருப்பார்கள். அது வேறு. பாம்படமும் தண்டட்டியும் போட்டு வளர்த்த காது, அல்லது கனத்த கம்மல் இழுத்துக் கிழிந்த காது மடலின் கீழ்ச்சதை அது. அங்கே குருத்தெலும்பே கிடையாது, தோலும் கொழுப்பும்தான். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஓரத்தைச் செதுக்கி, தைத்து அனுப்பிவிடுவார்கள். கிழிந்த காதுச் சதையை ஒட்டுவதற்குச் சுசுருத சம்ஹிதையே 15 வகைகளைச் சொல்கிறது. அவ்வளவு பழைய வேலை. விடைத்த காதுக்குச் செய்வது குருத்தெலும்பையே வளைக்கும் வேலை. நேரம் ஒன்றிலிருந்து இரண்டு மணி. ஆச்சிக்கு ஆன செலவையும் வலியையும் வைத்துப் பேரனுக்குக் கணக்குப் போடக் கூடாது.

அறுவையில் வெட்டு காதின் பின்பக்கம், மண்டையோடு சேரும் மடிப்பில் விழும். வெளியே தெரியாது. உள்ளே செய்வதில் ஆளுக்கு ஒரு முறை. இல்லாத மடிப்பை நிரந்தர நூலால் தைத்து உண்டாக்கும் முறையை 1963-இல் மஸ்டார்டே எழுதினார். ஆழமான கிண்ணத்தைப் பின்னால் இழுத்து, காதுக்குப் பின்னுள்ள எலும்பின் உறையோடு தைக்கும் முறை 1968-இல் ஃபர்னாஸ் எழுதியது. பலருக்கு இரண்டும் சேர்த்தே செய்வார்கள். இன்னொரு பக்கம், குருத்தெலும்பின் மேல் கீறல் போட்டு அதைத் தானாக வளையவைக்கும் முறை. தைக்கும் முறையில் குருத்தெலும்பு சேதமாவதில்லை. ஆனால் நூல் வெளியே தலைகாட்டலாம், காது கொஞ்சம் பழைய இடத்துக்குத் திரும்பலாம். கீறும் முறையில் திரும்பி வருவது குறைவு. கை பிசகினால் காதில் கூரான முனை விழும், அதைத் திருத்துவது சிரமம். சிறுபிள்ளையின் இளங்காதுக்குத் தையலே போதும் என்றுதான் நினைக்கிறேன். விறைத்த பெரியவர் காதுக்குக் கீறலும் சேர வேண்டி வரலாம். வெட்டே போடாமல் ஊசித் துளை வழியாக நூல் கோக்கும் முறையும் உண்டு. மடிப்பு மட்டும் இல்லாத லேசான காதுக்கு அது சரி, ஆழக் கிண்ணத்துக்கு உதவாது. மேல்நாட்டில் 24 காரட் தங்கம் பூசிய ஒரு சிறு உலோகக் கவ்வியைத் தோலுக்கடியில் வைக்கும் முறையும் வந்தது. தங்கம் என்றதும் காது நிமிர வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், முறையைப் பற்றி நாம் ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. அது சர்ஜனின் கைப்பழக்கம். நாம் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியது தழும்பைப் பற்றி. நம்மைப் போன்ற கருத்த, மாநிறத் தோலுக்குக் கீலாய்டு என்ற தடித்த தழும்பு வரும் வாய்ப்பு வெள்ளைத் தோலைவிட அதிகம். காதும் காதின் பின்பக்கமும் அது விரும்பி வரும் இடங்கள். காயத்தின் எல்லையைத் தாண்டி, உருண்டையாகத் தடித்து, அரித்து, வருடக்கணக்கில் வளரும். வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்ப வரக்கூடும். ஸ்டீராய்டு ஊசி மாதாமாதம் போட வேண்டி வரும். விடைத்த காதுக்கு வைத்தியம் பார்க்கப் போய், காதுக்குப் பின்னால் ஒரு நெல்லிக்காயோடு திரும்புவது யாருக்கு வேண்டும்?

நல்லவேளையாக, இதற்கு ஒரு முன்னோட்டம் நம்மில் பலருக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது. காது குத்திய இடத்தைத் தடவிப் பாருங்கள். துளை சுத்தமாக ஆறியிருந்தால் அது நல்ல அறிகுறி. குத்திய இடத்தில் உருண்டை கட்டியிருந்தால், அல்லது இடது தோளில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு புடைத்துப் பரவியிருந்தால், நெஞ்சில் பருத் தழும்பு தடித்திருந்தால், அதை டாக்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களுக்கு இருந்தாலும் சொல்லுங்கள். அப்படிப்பட்ட குடும்பம் என்றால் நான் அறுவையை விட்டுவிடும் பக்கம்தான் சாய்வேன். காது குத்தாத பையன்களுக்குத்தான் இந்தச் சோதனை கிடைக்காமல் போகிறது.

அடுத்தது எங்கே செய்வது. நாகர்கோவிலிலேயே செய்வதா, திருவனந்தபுரம் போவதா, திருநெல்வேலி, மதுரை என்று தேடுவதா? களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்தாருக்குத் திருவனந்தபுரம் நாகர்கோவிலைவிட ஒன்றும் தூரமில்லை. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 1951-லிருந்து இருக்கிறது, தனியாரில் பிளாஸ்டிக் சர்ஜன்களும் கூடுதல். பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி பக்கம் இருப்பவர்களுக்கு அதே திருவனந்தபுரம் சுமார் 80 கிலோமீட்டர், நடுவில் மார்த்தாண்டம் நெரிசல் வேறு. திருநெல்வேலி அவர்களுக்குக் கிட்டம். நாகர்கோவிலிலிருந்து மதுரை சுமார் 240 கிலோமீட்டர்.

தூரத்தை நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்த அறுவையில் உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் கட்டுவது. முதல் இரண்டு மூன்று நாளில் வரும். அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போவது. இரண்டு பக்கமும் மந்தமாக வலிப்பது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் விண் விண் என்று தெறித்தால், மாத்திரையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. அந்த ராத்திரியே கட்டைப் பிரித்துப் பார்த்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். விட்டால் குருத்தெலும்புக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று காதின் வடிவமே கெட்டுவிடும். நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சலோடு காது சிவந்தால் அது கிருமித் தொற்று. அதற்கும் அதே அவசரம். ஆகவே ராத்திரி 11 மணிக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர முடிகிற இடத்தில் செய்யுங்கள். மதுரையில்தான் செய்வேன் என்றால், கட்டு அவிழ்க்கும்வரை மதுரையிலேயே உறவுக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள்.

செய்பவர் யார் என்பதையும் நேராகக் கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். என்ற உயர்பட்டம் படித்தவர், அல்லது காதுப் பிளாஸ்டிக் வேலையில் கைதேர்ந்த இ.என்.டி. நிபுணர். முடி நடும் கடைகள் காதையும் சேர்த்து விளம்பரம் செய்தால், கத்தியைப் பிடிக்கப் போவது யார், அவர் பெயர் அந்த மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். அவர் முன்பு செய்த காதுகளின் படங்களைக் கேட்கும்போது, நம் நிறத் தோலில் செய்தது, ஒரு வருடம் கழித்து எடுத்தது, பின்பக்கமும் தெரிவது என்று கேளுங்கள். முன்பக்கப் படம் மட்டும் காட்டினால் தழும்பு தெரியாது.

எந்த மாதம்? பெரிய விடுமுறையில் எல்லோரும் செய்துகொள்ளப் பார்ப்பார்கள். ஏப்ரல், மே வெக்கையில் தலைக்கட்டுக்குள் வியர்த்து அரிக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை குளிர்ச்சி, ஆனால் குறைவான நாட்கள். கால்பந்து ஆடும் தூத்தூர்ப் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒன்றரை மாதத்துக்குப் பந்தைத் தலையால் முட்டுவது கிடையாது, கடல் குளியலும் டாக்டர் சொல்லும்வரை கிடையாது. திற்பரப்பு அருவியில் தலையைக் கொடுப்பதும் அப்படியே.

பணத்தைப் பொறுத்தவரை, அழகுக்கான அறுவையை மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் விலக்கி வைத்திருக்கின்றன; விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, உடனடி உடல்நல ஆபத்தை நீக்கத் தேவை என்று டாக்டர் சான்று தருவது ஆகியவை மட்டும் விதிவிலக்கு. ஆகவே விடைத்த காதுக்குக் கையிலிருந்துதான் போகும் என்று வைத்துக்கொள்வது நல்லது. சர்ஜன் கட்டணம், தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், மருந்து, தலைப்பட்டை எல்லாம் சேர்த்த தொகையைக் கேளுங்கள். ஒரு காது கொஞ்சம் திரும்பி வந்தால் மறுபடி செய்வதற்கு என்ன வாங்குவார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். ஜி.எஸ்.டி. விஷயம் ஒன்று இருக்கிறது. மருத்துவ சேவைக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் அழகு அறுவைக்கு 18 சதவீதம் உண்டு. பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் கோளாறு, காயம் ஆகியவற்றால் கெட்ட உடல் அமைப்பைச் சீராக்கும் அறுவை என்றால் விலக்கு. பிறவியிலேயே மடிந்தோ புதைந்தோ இருக்கும் காதை எந்தக் கணக்கில் எழுதப்போகிறார்கள் என்று பில் போடுவதற்கு முன்னால் கேட்டு, டாக்டரின் குறிப்பில் அந்தக் கோளாறின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.